இரகசிய வருகை நடந்த சாயங்காலம்

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராகவே இருந்தோம். பெட்டி கட்ட வேண்டியதில்லை, டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. இயேசு எந்த நிமிடமும் மேகத்தின்மேல் வருவார். தம்முடையவர்களை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றவர்கள் இங்கேயே கைவிடப்பட்டுத் தவிப்பார்கள். இதற்கு எங்கள் சபையில் இரகசிய வருகை என்று பெயர். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கு டீச்சருக்கும் தெருநாய்க்கும் பயந்துகொண்டிருந்த காலத்தில் நான் மேகத்துக்குப் பயந்தேன்.

சபை என்றால் கோபுரம் வைத்த கட்டடம் இல்லை. ஆவடியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரு கூடம். வெள்ளை உடுத்தி, நகை போடாமல், பூ வைக்காமல், பாயில் உட்கார்ந்து ஆராதிப்போம். அப்பா அங்கே மூப்பர். வார நாட்களில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சீட்டு இல்லாமல் ஒரு போல்ட்டுகூடத் தன் அறையை விட்டு வெளியே போகாது, உள்ளேயும் வராது என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. சபையிலும் அதே ஆள்தான். பாஸ்டர் கொஞ்சம் இளகினாலும் அப்பா இளகமாட்டார். "தேவன் அன்பானவர்தான், ஆனா நீதியுள்ளவர்" என்பார். எந்தப் பேச்சும் அவரிடம் அன்பில் தொடங்கி நீதியில்தான் முடியும்.

அப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடப்பவர்களை ஸ்கூட்டரில் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் தன் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டி, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். சட்டையெல்லாம் நாறும், முகம் சுளிக்கமாட்டார். முன்பின் தெரியாதவர்கள்மேல் அவர் இரக்கம் தாராளமாகப் பாய்ந்தது. சொந்தத் தங்கை விஷயத்தில்தான் நீதி வந்து குறுக்கே நின்றது.

அந்தத் தங்கைதான் என் அத்தை. தாத்தாவும் பாட்டியும் சீக்கிரமே போய்விட்டதால் அத்தையை வளர்த்தது அப்பாதான். ஸ்கூலுக்கு அனுப்பும்போது தலை பின்னிவிடுவதுகூட அவர்தானாம். அம்மா கல்யாணமாகி வந்தபோது, ரெட்டைச் சடை பின்னத் தெரிந்த மாப்பிள்ளை கிடைத்திருக்கிறார் என்று கேலி செய்தார்களாம். அப்படி வளர்ந்த அத்தை, லேத் ஓட்டும் ஒருவரை, சபைக்கு வெளியே, கிறிஸ்தவரே அல்லாதவரை, ரிஜிஸ்டர் ஆபீசில் போய்க் கட்டிக்கொண்டாள். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. அவனை விட்டுவிட்டு வந்து சபை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டால் வீட்டுக்குள் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். அத்தை வரவில்லை. ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வாடகைக்கு வீடெடுத்துக் குடிபோனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் தினமும் அத்தையில்தான் வந்து முடியும். "கர்த்தாவே, உம்முடைய வருகையில அவ கைவிடப்பட்டுப் போவாளே" என்று அப்பா குலுங்கிக் குலுங்கி அழுவார். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் ஒரு நாள் தவறாமல் தங்கைக்காக அழுதவர், ஒரு நாளும் தங்கையின் போனை எடுத்ததில்லை. அவள் நம்பர் திரையில் வந்ததும் கட் செய்து பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். இரண்டையும் பார்த்து வளர்ந்த எனக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. அத்தை கைவிடப்படுவாள் என்பது ஆவடிக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்பதுபோலத் தெரிந்த விஷயமாக இருந்தது.

அம்மாதான் இடையில் ஒரு தில்லுமுல்லு செய்துகொண்டிருந்தாள். மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறி வெள்ளானூர் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவாள். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு வழி முழுக்கப் புத்திமதி நடக்கும். பொய் சொல்லச் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் வேதாந்தம்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிது. வருகை நடக்கும் நாளை அவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தினார். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் டிரைவர் இருக்கமாட்டார். அடுப்பில் பால் பொங்கும், இறக்கி வைக்க ஆள் இருக்காது. ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை அம்மா அம்மா என்று கூப்பிடும், வீடு திறந்தபடி கிடக்கும், அம்மா உடுத்தியிருந்த துணி மட்டும் தரையில் கிடக்கும். இதைச் சொல்லும்போது அவர் முன் வரிசையில் இருந்த எங்களைப் பார்த்துத்தான் சொன்னார். மறுநாள் வகுப்பில் சிநேகிதி கொடுத்த ஆயுத பூஜைப் பொரியை நான் தின்றுவிட்டேன். விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தொடவே கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பொரியில் கடலையும் வெல்லமும் கலந்திருந்தார்கள். மறுபடியும் கை நீட்டி வாங்கித் தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட்டம் முடிந்து சில நாள் கழித்து, ஒரு சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தேன். வானம் கருத்து மேகம் திரண்டிருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எங்கள் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் அம்மாவின் செருப்பு, அதன் பக்கத்தில் தம்பியின் சின்னச் செருப்பு. உள்ளே போனால் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீ அணைந்து, கேஸ் நாற்றம் அடித்தது. நான்தான் அடுப்பைத் திருகி நிறுத்தினேன். கூடத்துத் தரையில் அம்மாவின் சேலை ஒன்று குவியலாகக் கிடந்தது. அதன்மேல் அவள் மூக்குக்கண்ணாடி இருந்தது.

போதகர் சொன்னதில் எதுவும் குறையவில்லை. நான் கூப்பிட்டுக்கூடப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் பதில் வராது என்பதையும் அவரே சொல்லியிருந்தாரே. பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். அந்த அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், நெற்றி நிறையக் குங்குமம் வைப்பவர். அவர் வீடும் திறந்து கிடந்தது, அவரும் இல்லை. கடைசி நிமிடத்தில் மனம் திரும்பியிருப்பார் போல. இயேசு அவரைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், பைபிள் ஒப்புவித்தல் போட்டியில் சங்கீதம் சொல்லிப் பரிசு வாங்கிய என்னை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். எல்லாம் அந்தப் பொரியால் வந்தது.

கூடத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு ஒரு யோசனை வந்தது. இந்த உலகத்தில் என்னுடன் நிச்சயமாக விடப்பட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் யார் என்று எனக்குத் தெரியும். தினமும் ஜெபத்தில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. அத்தை வெள்ளானூரில்தான் இருப்பாள். அவளுக்கு எங்கேயும் போகக் கொடுத்துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக்கு வைத்திருந்த சில்லறையை எடுத்துக்கொண்டேன். இனி காணிக்கை வாங்க யாரும் இல்லை என்பதால் அது தப்பாகத் தோன்றவில்லை. புத்தகப் பையைக் கழற்றவும் மறந்து, அப்படியே மெயின் ரோட்டுக்கு நடந்தேன். ரோட்டில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. பஸ், லாரி, பைக், பூக்கடை, டீக்கடையில் நின்று சிரித்துப் பேசும் ஆட்கள். கைவிடப்பட்டவர்கள் இவ்வளவு பேரா என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஷேர் ஆட்டோ டிரைவர் கைக்குழந்தை வைத்திருந்த ஒரு அம்மாளிடம் காசு வாங்காமல் விட்டார். இவ்வளவு நல்லவர் என்ன பாவம் செய்து மாட்டிக்கொண்டாரோ என்று அவருக்காகவும் வருத்தப்பட்டுக்கொண்டே போனேன்.

அத்தை கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் என்னைத் தாண்டி என் பின்னால் தெருவைத்தான் தேடியது.

"அண்ணன் வந்திருக்காரா? அண்ணன் அனுப்பிச்சாரா உன்ன?"

நான் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். "அத்தை, இயேசு வந்துட்டாரு. அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் போயிட்டாங்க. நீங்க மட்டும் இருப்பீங்கன்னு எனக்குத் தெரியும். அதான் வந்தேன்."

அத்தைக்கு முதலில் புரியவில்லை. செருப்பு, பால், சேலை, மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "அடிப் பைத்தியமே! செருப்புகூட போடாம ஓடியிருக்காங்கன்னா பின் தெருவுல தண்ணி லாரி வந்திருக்கும். மடிச்சிகினு இருந்த துணிய அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பாங்க அண்ணி. நான் அந்தத் தெருவுல குடம் தூக்காத நாளா?" என்றாள். சிரித்துக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்து என் கண்ணைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"நான் இங்கதான் இருப்பேன்னு உனக்கு யார் சொன்னது?"

"அப்பாதான். தினமும் சொல்லுவாரு."

அத்தை என் சட்டைக் காலரை நேராக்கினாள். ஏற்கெனவே நேராக இருந்ததை மறுபடியும் நேராக்கினாள்.

காலை ஷிப்ட் முடிந்து உள்ளே படுத்திருந்த மாமா எழுந்து வந்தார். எங்கள் வீட்டில் அவரை மாமா என்று சொன்னதில்லை, 'அவன்' என்றுதான் பேச்சு. கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "இன்னாம்மா, தனியாவா வந்துகீறே? பயந்துட்டியா? இத பாரு, உங்க அத்த இங்கதான் கீது. நானும் எங்கியும் போவல, இங்கதான் கீறேன். மூணு பேர் கீறோமில்ல, அப்புறம் இன்னா?" என்றார். அந்தக் கணக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அத்தை தோசை வார்த்துக் கொடுத்தாள். நான் தின்றேன்.

அதற்குள் அத்தை அப்பாவுக்குப் போன் போட்டாள். ரிங் போனது, கட் ஆனது. மறுபடி போட்டாள். மறுபடியும் கட் ஆனது. அந்த நேரத்தில் எங்கள் தெருவில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அம்மா பிறகு சொல்லித்தான் அறிந்தேன். பக்கத்து வீட்டுச் சின்னப் பையன் நான் வந்து போனதைப் பார்த்திருக்கிறான். பிள்ளையைக் காணோம் என்று அம்மா அலற, அப்பாவை வேலையிலிருந்து வரவழைத்து, ஸ்டேஷன், குளக்கரை, ஸ்கூல் வாசல் என்று சபைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பித்துப் பிடித்தவர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தாராம். நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்வதற்காகத்தான் அவர் சட்டைப்பையில் அந்தப் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஓட்டத்தின் நடுவிலும் அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கட் செய்திருக்கிறார்.

"என் போன்லேர்ந்து அடிக்கட்டா? இல்லாங்காட்டி எதிர்ஊட்டு அண்ணன்கிட்ட கேட்டு வாங்கியாறேன்" என்றார் மாமா.

அத்தை கொஞ்சம் யோசித்தாள். "வேணாம். நேர்லயே கூட்டினு போயி உட்டுட்டு வரேன்" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் மாறிவிட்டது. பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறவளை வாசலிலேயே நிறுத்திப் பேச முடியாதல்லவா. உள்ளே வா என்று ஒரு வார்த்தை சொல்லித்தானே ஆகவேண்டும். அத்தைக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

பிறகு அவள் தயாரானதை நான் கட்டிலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு பார்த்தேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து உதறினாள். சபைக்குக் கட்டிக்கொண்டு போன பழைய சேலை, மடிப்பில் பழுப்பு ஏறியிருந்தது. கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தலையிலிருந்த மல்லிப்பூவை எடுத்துவிட்டாள். பொட்டைத் துடைத்தாள். காதுத் தோட்டைக் கழற்றினாள், வளையலைக் கழற்றினாள். தாலிக் கயிற்றை ஜாக்கெட்டுக்குள் தள்ளி, தெரிகிறதா என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மாமா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அதையும் மறைக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்கு ஒரு நாளிக்கு" என்றாள் அத்தை, அவர் முகத்தைப் பார்க்காமல்.

பைக்கில் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்துக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் மாமா எனக்கு வேடிக்கை காட்டிக்கொண்டே வந்தார். அத்தை எங்கள் தெரு முனையில் பைக்கை நிறுத்தச் சொன்னாள். மாமா இறங்கி என்னைத் தூக்கிக் கீழே விட்டார். "நீ போ. நான் இங்கியே நிக்கிறேன். உள்ள கூப்ட்டா ஒக்காந்து பொறுமையா பேசிட்டு வா, அவசரம் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி வேறு பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டார். அத்தை என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

வாசலில் தெருவே நின்றது. எடுத்துக்கொள்ளப்பட்டதாக நான் நினைத்த அத்தனை பேரும் ஈரச் சேலையும் குடமுமாக நின்றார்கள். அம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்து என்னை அடித்தாள், அடித்துவிட்டு முத்தம் கொடுத்தாள். அப்பா என்னை வாரித் தூக்கிக்கொண்டார். அவர் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "எங்கம்மா போன?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார். நான் அத்தை வீட்டுக்கு என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து வாசல் கேட்டுக்கு வெளியே பார்த்தார்.

அத்தை அங்கே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். வெறும் காது, வெறும் கழுத்து. அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. அப்பாவின் வாய் திறந்தது. அம்மா ஓரடி முன்னால் வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"முதல்ல ஜெபிப்போம். எல்லாரும் முழங்கால் போடுங்க" என்றார் அப்பா.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, அடுத்த நிமிடமே அது வடிந்துவிடுகிறது. ஏனென்றால் பல வருஷம் கழித்து அப்பாவே இதைப் பற்றி ஒரு முறை பேசினார். அத்தையும் மாமாவும் அந்த வருஷக் கடைசியிலேயே ஓசூர் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். போன் வருவது நின்றுபோனது. கொரோனா காலத்தில் ஒரு மதியம் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தெரியாத நம்பர் என்பதால் அப்பா எடுத்தார். "உங்க தங்கச்சி தவறிட்டாங்க. அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லிடச் சொல்லிச்சு, சொல்லிட்டேன்" என்றார் மாமா. அதற்குள் அடக்கமும் முடிந்திருந்தது. முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அன்று அப்பா சாப்பிடவில்லை, ஜெபிக்கவும் இல்லை. எனக்குத் தெரிந்து அவர் ஜெபிக்காத ஒரே நாள் அதுதான். இருட்டிய பிறகும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவர், நான் காபி கொண்டுபோனபோது, "ஜெபம் முடிச்சிட்டுக் கூப்பிடலாம்னுதான்மா இருந்தேன்" என்றார். எந்த ஜெபம் என்று நான் கேட்கவில்லை. கடவுளுக்கு நீதியும் உண்டு, இரக்கமும் உண்டு என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனுஷன், எதை முதலில் வைப்பது என்பதில் ஒரு சாயங்காலம் தடுமாறிவிட்டார். அந்தக் கடவுள் அவரை மன்னித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அப்பாதான் இன்னும் தன்னை மன்னிக்கவில்லை. இப்போதும் குடும்ப ஜெபம் செய்கிறார். பழைய இடத்துக்கு வந்ததும் சற்று நிற்கிறார், பிறகு ஆமென் சொல்லிவிடுகிறார்.

நான் காணாமல்போன அந்தச் சாயங்காலம் அப்படி நிற்கத் தெரியாமல் ஜெபம் நீண்டுகொண்டே போனது. கூடத்தில் நாங்களும் சபைக்காரர்களும் வாசலைப் பார்த்து முழங்காலில் இருந்தோம். தெருக்காரர்கள் மரியாதைக்கு ஒதுங்கி நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடிப்போய்த் தோளில் போட்டுக்கொண்டு வந்த மேய்ப்பரே என்று அப்பா அழுதார். எல்லோரும் அழுதார்கள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று பின்னாலிருந்து குரல்கள் வந்தன. "இந்தப் பிள்ளைய அந்நியர் கையில உட்டுடாம பத்திரமா கொண்டாந்து சேர்த்தீரே ஆண்டவரே" என்றார் அப்பா. எந்தப் பிள்ளைக்காகவும் எங்கள் சபையில் சொல்கிற வழக்கமான வார்த்தைதான் அது. சொன்னதும் அவர் குரல் நின்றுவிட்டது. அடுத்த வார்த்தை வரவே இல்லை.

அவ்வளவு நேரம் அப்பா நிறுத்தியதே கிடையாது. அதனால் நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, தெருவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்த மண்ணிலும் ஜல்லியிலும், அத்தையும் எங்களோடு முழங்கால் போட்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்தாள். வெள்ளைச் சேலையில் முழங்கால் பக்கம் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். என் பையைத் தோளிலிருந்து இறக்கி, சத்தம் வராமல் கேட்டின் கொக்கியில் மாட்டினாள். திரும்பி நடந்தாள். நான் பார்ப்பதை அவள் பார்க்கவில்லை.

கூப்பிட எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஜெபத்தின் நடுவில் பேசுவது பாவம், கண்ணைத் திறப்பது அதைவிடப் பாவம். அந்த நேரம் பார்த்து இயேசு நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது? ஒரு நாளில் இரண்டு முறை கைவிடப்பட என்னால் முடியாது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா எப்படியோ குரலைத் திரட்டி ஜெபத்தை முடித்தபோது, எல்லோரையும்விட உரக்க ஆமென் சொன்னது நான்தான். வருகை நடக்கவில்லை, நான் விடப்படவில்லை, அம்மா, அப்பா, தம்பி, சபைக்காரர்கள், தெருக்காரர்கள் என்று எல்லோரும் பத்திரமாக இங்கேயே இருக்கிறார்கள் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த எல்லோரிலும் அத்தை இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.